ரோஷன் பீவியின் பச்சைக்காய்ப் பச்சடி

கிருத்திகைக்குக் கிருத்திகை நான் ஒருபொழுது இருப்பேன். திருப்போரூர் கந்தசாமிக்கு நேர்ந்துகொண்டது. பகலெல்லாம் ஒரு வாய் தண்ணீரோடு சரி. சாயங்காலம் விளக்கேற்றும் வரை வாய் திறந்து பேசவும் மாட்டேன். விளக்கேற்றின பிறகு ஒரு வேளைச் சாப்பாடு, அதுவும் வெங்காயம் பூண்டு இல்லாமல். புதுப்பட்டினத்தில் சுப்புராமன் நடத்தின சாப்பாட்டுக் கடையில் நான் சமையல் பார்த்த காலத்தில், கிருத்திகை அன்று வேலை முடிந்து அடுப்படியை மெழுகிவிட்டு நிமிர்ந்தால், மாடத்தில் ஒரு வாழையிலைத் துண்டு மடித்து வைத்திருக்கும். பிரித்தால் பொடியாக நறுக்கின வெள்ளரிப் பிஞ்சும் ஊறின பாசிப்பருப்பும் இருக்கும். மீன் அரிந்த அரிவாள்மணை படாத காய் என்பது முகர்ந்தாலே தெரியும்.

சுப்புராமன் சம்சாரம் வசுமதிதான் வைக்கிறாள் என்று ஏழெட்டு மாதம் நினைத்திருந்தேன். ஒரு கிருத்திகைக்கு, கடையில் பச்சடிக்குக் காய் நறுக்கும் ரோஷன் பீவி வேலைக்கு வரவில்லை. அன்று மாடம் வெறுமையாக இருந்தது. மறுநாள், பந்தி பரிமாறும் நூர்முகமதுவைக் கேட்டேன். அதற்கென்றே ஒரு சின்னக் கத்தியை மீனுக்கும் வெங்காயத்துக்கும் தொடாமல் அவள் தனியாகத் துணியில் சுற்றி வைத்திருக்கிறாள் என்று சொன்னான். யார் வைத்தது என்று தெரிந்தால் நான் சாப்பிடாமல் போய்விடுவேனோ என்று நினைத்தாளாம்.

இதைக் கேட்டு என் மனசு குளிர்ந்திருக்க வேண்டும். குளிரவில்லை. இதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்றுதான் எரிந்தது.

ரோஷன் பீவிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு ஐந்தாறு வயது இளையவள். ஒல்லியான உடம்பு, நீண்ட விரல்கள். கோவளத்துப் பக்கம் பிறந்து, செங்கல்பட்டில் சைக்கிள் கடை வைத்திருந்த ஜலாலுதீனுக்கு வாழ்க்கைப்பட்டவள். அவர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். கடையைப் பங்காளிகள் எடுத்துக்கொண்டார்கள். ஒரே மகள் சுராயாவை நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு, வேலை தேடிப் புதுப்பட்டினத்துக்கு வந்து, ஒரு வீட்டுப் பின்கட்டில் ஒண்டிக்கொண்டிருந்தாள். கல்யாண வீடுகளில் பிரியாணி ஆண்கள் ஆக்குவார்கள், வெங்காயம் நறுக்கித் தயிர்ப் பச்சடி போடுவது பெண்கள். அப்படி மூட்டை மூட்டையாக நறுக்கிப் பழகின கை அவளுக்கு.

அவள் வருவதற்கு முன்னால் மூன்று வருஷம் அந்த அடுப்படிக்கு நான் ஒருத்திதான். கல்பாக்கத்தில் கட்டட வேலை தொடங்கி, கம்பி கட்டுகிறவர்களும் கொத்தனார்களும் சைக்கிளில் வந்து இறங்கின காலம். சோறு, குழம்பு, எண்ணெயில் வதக்கின பொரியல், மோர். என் கத்தரிக்காய்க் காரக்குழம்புக்காகவே சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஆள் வரும். எழுபத்திமூன்றில் கடலை எண்ணெய் விலை ஏறினது. பொரியலை நிறுத்தினால் இலை காலியாகத் தெரிகிறது, போட்டால் கட்டுப்படி ஆகவில்லை என்று சுப்புராமன் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்போதுதான் நூர்முகமது, தனக்குத் தெரிந்த ஒரு அம்மா இருக்கிறாள், அடுப்பும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், பச்சையாகவே ஒரு தொடுகறி போடுவாள் என்று சொல்லி இவளைக் கூட்டிவந்தான். நாளுக்கு இரண்டு ரூபாய்க் காயில் நூற்றைம்பது இலைக்கு வர வேண்டும் என்பது சுப்புராமன் போட்ட கட்டு. முடியாது என்று சொல்லிவிடுவாள் என நான் நினைத்தேன். அவள் சரி என்று தலையாட்டிவிட்டுப் புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள்.

அவள் காய் வாங்கும் விதமே வேறு. காலையில் போகமாட்டாள். செங்கல்பட்டு மார்க்கெட்டில் கடை கட்டும் நேரத்துக்குப் போவாள். கால் பிரிந்த முள்ளங்கி, கோணல் வெள்ளரி, தோல் உரிந்த வெங்காயம், யாரும் தொடாத காயாகப் பார்த்துப் பொறுக்குவாள். முள்ளங்கியை வாங்கினால் அதன் இலையையும் விடமாட்டாள். இளசாகக் கிள்ளி, மயிர்போல அரிந்து அதிலேயே சேர்ப்பாள். எலுமிச்சை விலை ஏறினால் காற்றில் விழுந்த மாங்காய், அது இல்லாவிட்டால் புளித்தண்ணீர். தேங்காய்க்குப் பதில் பொட்டுக்கடலையை ஒன்றிரண்டாக இடித்துத் தூவுவாள். வேலியோரத்துப் பப்பாளிக் காயைத் துருவினாள். வாழைத்தண்டை மோரில் போட்டாள். பச்சைப்பயறை ஈரத்துணியில் கட்டி முளைக்கவிட்டு, ஒரு படியை இரண்டு படியாக்கினாள்.

ஒரு கோடையில் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்குத் தர்பூசணி அரிந்து விற்கிறவனிடம் பேசி வைத்து, அவன் சீவிப் போடுகிற தோல்பட்டையை ஒரு கூடை நிறையக் கொண்டுவந்தாள். பச்சைத் தோலை எடுத்துவிட்டு, வெள்ளைச் சதையைக் குச்சி குச்சியாக அரிந்து, மிளகாய் கீறிப் போட்டுத் தயிர் விட்டுக் கலந்தாள். மாட்டுக்குப் போடுவதை மனுஷனுக்குப் போடுகிறாள் என்று நான் வசுமதியிடம் சொன்னேன். கம்பி கட்டும் சடையப்பன் காதில் அது விழுந்துவிட்டது. அவன் இலையை வழித்துக்கொண்டே சொன்னான்:

“மாட்டுக்கு வெக்கிறதுதான் தனகோடிக்கா. நாங்க இன்னா, ம்மான்னு துன்னுகினு கீறோம். இன்னும் ரெண்டு கரண்டி போடச் சொல்லு.”

பந்தி முழுக்கச் சிரித்தது. அன்று என் குழம்பு நன்றாக இருந்தது என்று ஒருவரும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. சைக்கிளை நிறுத்தும்போதே இன்றைக்கு பீவி என்ன நறுக்கியிருக்கிறாள் என்று கேட்டுக்கொண்டு உள்ளே வருவார்கள். குழம்பு இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. விடிய நாலு மணிக்கு எழுந்து, புகையில் கண் எரிய, மிளகாய் அரைத்து, புளி கரைத்து நான் வைக்கிற குழம்பு தண்ணீர்போலத் தானாக ஊற்றெடுக்கிறது என்று நினைத்தார்கள்போல. அவள் ஒன்பது மணிக்கு வருவாள், அடுப்புப் பக்கமே வரமாட்டாள், கை நனைய உட்கார்ந்து நறுக்குவாள், பெயர் அவளுக்கு. கந்தசாமி படத்துக்கு முன்னால் கண்ணை மூடினாலும், முருகா என்பதற்கு முன்னால் அந்தப் பச்சடிப் பேசின்தான் எனக்குத் தெரியும். இந்தப் பொல்லாத குணத்தை எடுத்துவிடு என்று வேண்டிக்கொள்வேன். மறுநாள் பந்தி உட்கார்ந்ததும் திரும்ப வந்துவிடும்.

அவளுக்கு என்மேல் ஒரு குறையும் இல்லை. வெங்காயம் உரிக்கிற நேரத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து வீட்டு விஷயம் சொல்வாள். நாத்தனார் வீட்டில் சுராயா பாத்திரம் துலக்கிவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்றும், முதல் பாடம் எப்போதும் தவறிப்போகிறது என்றும் ஒருநாள் சொன்னாள். தனக்கென்று கதவு வைத்த ஒரு அறை இருந்தால் போதும், மகளை மறுநாளே கூட்டிவந்துவிடுவேன் என்றாள். அவள் பின்கட்டில் ஒண்டியிருந்த இடத்துக்குக் கதவு கிடையாது, கோணிப்படுதா மட்டும்தான்.

எழுபத்திநாலாம் வருஷம் ஆவணியில் ஒரு சேதி வந்தது. கட்டட வேலைக்காரர்களுக்காக ஒரு பெரிய காண்டிராக்டர் சொந்தமாகச் சாப்பாட்டுக்கூடம் கட்டுகிறார், அதற்குத் தலைமைச் சமையலுக்கு ஒருத்தி வேண்டும், மாதச் சம்பளம், அதோடு செங்கல் சுவர் வைத்து ஓடு போட்ட ஒரு அறை. அவருடைய மேனேஜர் ஒருநாள் சுப்புராமன் கடைக்கே வந்து சாப்பிட்டுப் பார்த்து, எங்கள் இரண்டு பேரில் ஒருத்தியை எடுத்துக்கொள்வார் என்று பேச்சு.

எனக்கும் அறை வேண்டும். புருஷன் இல்லாமல் பன்னிரண்டு வருஷமாகத் தம்பி வீட்டில் இருந்தேன். தம்பி பெண்டாட்டி பார்வதம் கெட்டவள் இல்லை. ஆனால் நான் படுக்கிற இடத்தில் நெல்மூட்டை வந்தால், நான்தான் எழுந்து வேறு இடம் பார்க்க வேண்டும். ரோஷன் பீவிக்கு மகளுக்காக வேண்டும், எனக்குக் காலை நீட்டிப் படுக்க வேண்டும். யாருக்கு அதிகம் வேண்டும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

மேனேஜர் வருகிற நாள் புரட்டாசிக் கிருத்திகையாக அமைந்தது. அவளுக்கும் நோன்பு மாசம். நான் ஒருபொழுதில் வாய் திறக்காமல், அவள் விடிகாலையிலிருந்து எச்சில்கூட விழுங்காமல். நூர்முகமதுவும் நோன்பு. அடுப்படியில் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க ஆள் இல்லை. மற்ற நாளில் சுப்புராமன் ஒரு விரல் தொட்டுப் பார்த்துவிடுவார். அன்று அவர் மேனேஜரை அழைத்துவர பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டார். எனக்கு அதில் பயம் இல்லை. படைக்காமல் ருசி பார்க்கக் கூடாது என்று பழகினவள், கண் அளவிலேயே உப்புப் போடுவேன். அவளுக்கும் கை அளவு உண்டு. ஒரு பந்திக்கு ஒரு பேசின், ஒரு பேசினுக்கு ஒரு கை உப்பு. இலையில் விழுவதற்குச் சற்று முன்னால்தான் போடுவாள். முன்னாலேயே போட்டால் காய் தண்ணீர் விட்டுத் துவண்டுவிடும், அப்புறம் கூடுதலாகக் காய் அரிய வேண்டும், இரண்டு ரூபாய்க்குள் வராது.

அன்றைக்கு முள்ளங்கியும் வெள்ளரியும் பாசிப்பருப்பும். முதல் பந்திக்கு உண்டானதைப் பேசினில் எடுத்து மூடிவிட்டு, மத்தியானத் தொழுகைக்கு வீட்டுக்குப் புறப்பட்டாள். போகும்போது என்னிடம், தான் வருவதற்குள் பந்தி உட்கார்ந்துவிட்டால் இந்தப் பேசினுக்கு மட்டும் ஒரு கை உப்புப் போட்டுக் கலந்துவிடும்படி சொன்னாள். நான் தலையை அசைத்தேன்.

அவள் போன கொஞ்ச நேரத்தில் மணி அடித்தது. ஆட்கள் உட்கார்ந்தார்கள். மேனேஜரும் வந்து கை கழுவினார். நான் ஒரு கை உப்பு எடுத்துப் பேசினில் போட்டுக் கலந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதுவரைக்கும் என் மனசில் கள்ளம் இல்லை. நல்ல உப்பாக, அளவாகத்தான் போட்டேன். நூர்முகமது அப்போதுதான் இலை போட்டுத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான்.

அதற்குள் ரோஷன் பீவி ஓடிவந்துவிட்டாள். தொழுகைக்காக ஒலுச் செய்து கழுவின ஈரம் முகத்தில் காயவில்லை. பேசினைத் திறந்து பார்த்தாள். உடனே போட்ட உப்பு, காய் இன்னும் தண்ணீர் விடவில்லை, பார்த்தால் தெரியாது.

“அக்கா, உப்பு போட்டுட்டியா?” என்றாள். பிறகு எனக்குப் பேச்சு இல்லை என்று ஞாபகம் வந்து, “நீ பேச வாணாம். போட்டிருந்தா தலைய மட்டும் ஆட்டு,” என்றாள்.

தலையாட்டுவது பேச்சில் சேராது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தான் ஆட்டியிருந்தேன். அந்த நேரத்தில் வெளியே சடையப்பன் குரல் கேட்டது. மேனேஜரிடம் பீவி பச்சடியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தான். மேனேஜர் ஏதோ கேட்டுச் சிரித்தார். அந்த அறையின் ஓடும் சுவரும் கதவும் என் கண்முன்னால் அவள் பக்கமாக நகர்ந்து போவதுபோல இருந்தது. நான் குனிந்து அடுப்பை ஊதினேன். தலை ஆடவில்லை.

அவள் இன்னொரு கை உப்பு எடுத்துப் போட்டுக் கலந்தாள்.

முதல் வாயிலேயே பந்தி நின்றுவிட்டது. சடையப்பன் வாயில் வைத்ததை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் மேனேஜரையே பார்த்தான். மேனேஜர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார். கடலோரம் கடை வைத்தால் உப்பு சும்மா கிடைக்குமோ என்று தமாஷாகக் கேட்டார். பச்சடியை இலையோரம் ஒதுக்கிவிட்டு, காரக்குழம்பை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். சுப்புராமன் உள்ளே வந்து, இத்தனை நாள் போட்டதற்கு இன்றைக்குத்தானா இப்படி என்று பல்லைக் கடித்தார். யார் உப்புப் போட்டது என்று கேட்டார்.

ரோஷன் பீவி என்னை ஒருதரம் பார்த்தாள். “நான்தாண்ணே. கை தப்பிடுச்சு,” என்றாள்.

அப்புறம் இரண்டாம் பந்திக்கு வேறு பேசின் எடுத்து ஒரு கை உப்புப் போட்டாள். அதை எல்லோரும் வழக்கம்போலக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். ஆனால் மேனேஜர் கை கழுவிவிட்டுப் போயிருந்தார்.

சாயங்காலம் விளக்கேற்றினேன். பேசலாம் என்று ஆனது. பார்வதத்திடம் பேசினேன், அவள் பிள்ளைகளிடம் பேசினேன். பேச வேண்டியதை யாரிடமும் பேசவில்லை. கடை மாடத்தில் அன்றும் வாழையிலைப் பொட்டலம் இருந்தது. அதை எடுத்துவந்து பசுவுக்குப் போட்டுவிட்டேன்.

ஐப்பசியில் நான் புதுச் சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனேன். அறை கொடுத்தார்கள். நல்ல அறை, காற்று வரும். கந்தசாமி படத்தைக் கிழக்குப் பார்த்து மாட்டினேன். முதல் நாள் ராத்திரி கதவைச் சாத்திவிட்டுக் காலை நீட்டிப் படுத்தேன், தூக்கம் வரவில்லை. வேலை என் கைக்கு வந்துவிட்டது, இனி அவள்மேல் பொறாமைப்பட ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அது அப்படி நடக்கவில்லை. அங்கேயும் எண்ணெய்க்குக் கட்டுதான். பச்சைக்காய்த் தொடுகறி போடச் சொன்னார்கள். அவள் செய்வதை ஒன்றரை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தவள்தானே, முள்ளங்கியை அரிந்தேன். என் கைக்கு அது மெல்லிசாக வரவில்லை. பத்து இலைக்கு வர வேண்டிய காய் நாலு இலைக்கு வந்தது. புதிதாக வேலைக்கு வந்த ஆட்கள்கூட, புதுப்பட்டினத்தில் ஒரு பாய் வீட்டம்மா போடுகிறாளாமே, அதுபோல வருமா என்று கேட்டார்கள். தை மாசத்தில் மேனேஜரே ஒருநாள் அந்தப் பக்கம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து, இந்தப் பச்சடியை அந்த அம்மா அன்றைக்கே போட்டிருக்கக் கூடாதா என்று என்னிடமே சொன்னார். நான் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

சுராயாவை அவள் கூட்டிவர முடியவில்லை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது என்று நூர்முகமது சொன்னான். பெரிய பெண்ணாகிவிட்டாள், படுதா போட்ட இடத்தில் எப்படி வைத்துக்கொள்வது என்று தாய்க்குப் பயம். அதைக் கேட்டபோது மட்டும் எனக்குப் பொறாமை இல்லை. அப்படியும் மறுநாள் யாரோ அவள் பச்சடியைப் புகழ்ந்தால் மறுபடி அதே எரிச்சல்.

எழுபத்தியேழில் அவள் தம்பி அமீர் வாணியம்பாடியில் சாப்பாட்டுக் கடை வைத்தார். அக்காவையும் மகளையும் வரச் சொல்லி எழுதினார். அவள் போகிற நாள் நூர்முகமது மூலமாகத் தெரிந்தது. ஒரு நாள் லீவு சொல்லிவிட்டுச் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருக்கழுக்குன்றம் தாண்டுகிற வரைக்கும் சொல்லலாமா வேண்டாமா என்று மனசு இரண்டாக இருந்தது. மலையைப் பார்த்துக் கும்பிட்டு, சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.

இரண்டு தகரப் பெட்டிகளோடு நின்றிருந்தாள். சுராயா தாயைவிட உயரமாகிவிட்டாள். பெட்டிமேல் உட்கார்ந்து, எதிரில் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் ரோஷன் பீவி, “வாக்கா, இவ்ளோ தூரம் ஏன் வந்த?” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். காஞ்சிபுரம் வழியாக வேலூர் பஸ் வர இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஊர்க்கதை ஒன்றும் பேசவில்லை நான். அன்றைக்கு நீ வருவதற்கு முன்னாலேயே உப்புப் போட்டிருந்தேன், நீ கேட்டபோது தெரிந்தே தலையாட்டாமல் இருந்தேன் என்று சொன்னேன். பொறாமையில் செய்தேன் என்றும் சொன்னேன். என்னைப் பொறுத்துக்கொள் என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. “அன்னிக்கே தெரியும்க்கா,” என்றாள். “ரெண்டாம் பந்திக்கும் அதே ஒரு கைதான் போட்டேன். சரியா இருந்துச்சே.”

ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டேன். நீ வாய் திறக்காத நாளில் உன்மேல் எப்படிப் பழி சொல்வது, சொன்னாலும் யார் நம்புவார்கள் என்றாள். இரண்டு வருஷம் பத்து மாசம் இதை மனசில் வைத்துக்கொண்டு, எதிரில் பார்க்கும்போதெல்லாம் அக்கா என்றே கூப்பிட்டிருக்கிறாள். அந்த நெஞ்சுறுதியைப் பார்த்து அங்கேயும், அந்த நேரத்திலும், எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கந்தசாமி என்னை மன்னிக்க வேண்டும்.

பஸ் வந்தது. பெட்டிகளை மேலே ஏற்றினார்கள். சுராயா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ரோஷன் பீவி படிக்கட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“பொறுத்துக்கன்னு கேட்டா பொறுத்துக்கணும்னு எங்கள்ல சொல்லுவாங்கக்கா,” என்றாள். “எனக்கு இன்னும் மனசு வரல. வாய்க்கு மட்டும் சொன்னா அது பொய்யாப் பூடும். வர்ற நோம்புக்குள்ள வந்துடும்னு நெனைக்கிறேன். வந்துச்சின்னா நூர்முகமதுகிட்ட சொல்லியனுப்பறேன்.”